கார்டில் உன் பேர்

கண்ணு,

எப்படி இருக்கிறாய், மருமகள் வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்டுத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன வார்த்தை இன்னும் காதிலேயே நிற்கிறது. உன் ஆபீஸில் ஒரு கூட்டம் வைக்கிறார்கள், ஜனங்கள் ஏன் மருத்துவக் காப்பீடு இல்லாமல் இருக்கிறார்கள் என்று ஆளுக்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டும், நான் நைனாவைப் பற்றியே பேசப்போகிறேன் என்றாய். "இன்னா சொல்லப் போற?" என்று கேட்டேன். "அவேர்னஸ் இல்லம்மா. படிக்காத பிடிவாதம். எவ்ளோ சொல்லியும் கேக்கல, பூட்டாரு. அதான் சொல்லப் போறேன்" என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன். பாலும் இல்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. உன் நைனாவின் சட்டை மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவன் என்றாலும் ஞாயிறு பள்ளியில் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாய். மெதுவாகப் படி, அவசரமில்லை. சித்தூர் மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது வரைக்கும் படித்தவள் நான், என் கையெழுத்து ஒன்றும் கோழி கிளறியது போல இருக்காது. உனக்கு இப்படி எழுதப் போகிறேன் என்று நம் போதகரிடம் சொன்னபோது, பேர் போடாமல் சபைப் பத்திரிகையிலும் போடட்டுமா என்று கேட்டார். பெங்களூருக்கும் சென்னைக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீடுகள் நம் சபையில் எத்தனை இருக்கின்றன! போடுங்கள் என்றேன். ஆனால் முதலில் நீதான் படிக்க வேண்டும், அந்தக் கூட்டத்தில் வாயைத் திறப்பதற்கு முன்னால் படிக்க வேண்டும்.

அவேர்னஸ் இல்லை என்றாயே, அதற்கு வருகிறேன். உன் நைனா ஓட்டியது சரக்கு ஆட்டோதான். மாங்காய்ச் சீசனில் தோப்பிலிருந்து ஜூஸ் பேக்டரிக்குக் காய் ஏற்றுவார், மற்ற நாளில் கிடைத்த லோடு. ஆனால் நம் ஊரில் யாருக்காவது முடியவில்லை என்றால் அந்த வண்டியில்தான் பாய் போட்டுத் திருப்பதிக்கு அழைத்துக்கொண்டு போவார்கள். வண்டியைக் கிளப்பும் முன்னால் அவர் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? "கார்டு எத்துக்கினியா? ஆதார் எத்துக்கினியா? போய் எத்துக்கினு வா, நான் நிக்கிறேன்." ரேஷன் அரிசி கார்டு இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம் என்பது அவருக்குத் தெரியாதா? பாகாலாவிலிருந்து திருப்பதி வரைக்கும் வழியெல்லாம் ஊர் ஜனத்துக்கு அதைச் சொல்லிக்கொண்டே போனவர் அவர். நோயாளியைவிட கார்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாரே என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

காசு கட்டி எடுக்கிற இன்சூரன்ஸ் ஒன்று உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். நீ கல்லூரியில் படிக்கும்போது சித்தூரிலிருந்து ஒரு ஏஜெண்டு வந்தார், டை கட்டிய மனுஷன், வேர்த்துக் கொட்டிக்கொண்டு. உன் நைனா அவருக்கு மோர் கொடுத்து, உட்காரவைத்து, அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சார், வருஷம் பூரா எனக்கு ஒண்ணும் ஆவலன்னா கட்டின துட்டு திரும்பி வருமா?" என்றார். வராது என்றார் அவர். "அப்போ துட்டு வீணாவக் கூடாதுன்னா நோவு வரணும்னு ஜெபம் பண்ணணுமா?" என்று கேட்டார் உன் நைனா. ஏஜெண்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது ஒரு பை நிறைய மாங்காய் கட்டிக் கொடுத்து அனுப்பினார். நீ இதைக் கேட்டால், பார்த்தாயா, இதுதான் அறியாமை என்பாய். இல்லை கண்ணு. அந்த வருஷம் உன் ஹாஸ்டல் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. இன்றைக்குக் கதவைத் தட்டுகிற செலவும் நாளைக்கு வரலாம் என்கிற நோயும் ஒரே வாசலில் வந்து நின்றால், நம்மைப் போன்றவர்கள் எதற்குக் கதவைத் திறப்பார்கள்? இல்லை என்று சொல்ல வெட்கப்படுகிற மனுஷன் ஜோக் சொல்லித்தான் அனுப்புவான்.

அப்போது நமக்குக் கார்டு இருந்தது, அதனால் பயமில்லை. அந்தக் கார்டு எப்படிப் போனது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. உனக்கு வேலை கிடைத்து, சம்பளம் ஏறி, முதல் தடவை வருமான வரி கட்டினாயே, அதற்கு அடுத்த வருஷம். அரிசி வாங்கப் போனவரிடம் ரேஷன் கடைக்காரர் மெஷினைப் பார்த்துவிட்டு, "நீ கொடுக்கு டாக்ஸ் கடுதுன்னாடய்யா, மீ கார்டு போயிந்தி" என்றாராம். மகன் வரி கட்டுகிறான், அதனால் உங்கள் கார்டு போய்விட்டது. அரிசியும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. வேறொருவனாக இருந்தால் கடை வாசலில் நின்று கத்தியிருப்பான். உன் நைனா வெறும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே ஸ்வீட் கடைக்குப் போனார். மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்து தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தார். "இன்னா விசேஷம்?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "எம் புள்ள கவுர்மெண்டுக்கு டாக்ஸ் கட்றான்! கார்டே எத்துட்டாங்க!" என்று சொல்லிச் சிரித்தார். ரேஷன் கார்டு போனதற்கு ஊருக்கு ஸ்வீட் கொடுத்த ஒரே மனுஷன் இந்த ஜில்லாவிலேயே உன் நைனாவாகத்தான் இருப்பார். எனக்குக் கோபம். ஆனாலும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதன்பிறகு நீ கல்யாணம் செய்துகொண்டாய். திருப்பதியில் கல்யாணம் முடிந்த வாரத்திலேயே நீ சொன்னாய், நிறுத்திய கார்டை ஸ்ப்ளிட் செய்து என் பேரைத் தனியாகப் பிரித்துவிடுங்கள் என்று. நம் ஊரில் அது ஒன்றும் புதுசில்லையே. கல்யாணமான பிள்ளை தனிக்குடும்பம் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் வரி அவனோடு போய்விடும், தாய் தகப்பனுக்குக் கார்டு திரும்ப வந்துவிடும். நம் தெருவில் பாதி வீடு காகிதத்தில் பிரிந்திருக்கிறது. ஒரே அடுப்பில் மூன்று கார்டு அரிசி வேகிறது. பங்காளிச் சண்டை போட்டவர்கள்கூட அவ்வளவு பிரியவில்லை, கார்டுக்காக அவ்வளவு பேர் பிரிந்திருக்கிறார்கள்! யாரும் அதைப் பாவமாகவோ பொய்யாகவோ நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. நானேதான் உன் நைனாவை, சர்க்கார் காகிதமெல்லாம் போடுகிற கிராம சச்சிவாலயத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண் நல்ல பெண், வாயைத் திறந்தால் தேன். "சின்ன பனி அங்கிள். அப்பாயி வேறே உன்னாடு அனி செப்பண்டி, சாலு" என்றாள். சின்ன வேலைதான், மகன் தனியாக இருக்கிறான் என்று சொல்லுங்கள், போதும். அதோடு, மகன் பார்த்துக்கொள்வதில்லை, அவனுடைய ஆதரவில் இல்லை என்று நீங்கள் வாயால் சொன்னால் நான் எழுதிக்கொள்வேன், பிறகு இரண்டு பேரும் கைரேகை வைக்க வேண்டும் என்றாள். உன் நைனா அவளையே பார்த்தார். கண் கலங்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தெலுங்கில் மிகவும் மரியாதையாக, நாளைக்கு வருகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். வண்டியில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது. இன்னாத்துக்கு எந்திரிச்சி வந்த?" அவர் வண்டியைக் கிளப்பாமல் சாவியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "எம் புள்ள எங்கூடத்தான் கீறான். பெங்களூர்ல வேலைக்குப் போய்க்கினு கீறான், அவ்ளதான். வேறாப் பூட்டான், என்னைப் பாக்கலன்னு எந்த வாயால சொல்றது?"

"ஊரே சொல்லுது" என்றேன். "அவங்களுக்கு அது காயிதம். எனக்கு அப்டி இல்ல. நான் ஒரு தடவ கார்டுலேர்ந்து பேர் எடுத்தவன்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஏன் மூடிக்கொண்டேன் என்று இப்போது சொல்கிறேன். இதை நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் பேசியதே இல்லை.

உனக்கு முன்னால் எஸ்தர் பிறந்தாள் என்பது உனக்குத் தெரியும். அலமாரி மேலே இருக்கிற போட்டோவில் பார்த்திருக்கிறாய். அந்தப் போட்டோ எதற்காக எடுத்தது என்று நீ கேட்டதில்லை. அப்போதெல்லாம் கார்டில் குடும்பமாக நின்று எடுத்த போட்டோ ஒட்டித் தருவார்கள். உன் நைனா என்னைப் புதுப்புடவை கட்டச் சொல்லி, எஸ்தருக்கு ரிப்பன் வைத்து, உன்னை மடியில் வைத்துக்கொண்டு பாகாலா ஸ்டுடியோவில் எடுத்தார். அவருடைய தகப்பன் காலம் வரைக்கும் நம்மிடம் ஒரு சென்ட் நிலம் கிடையாது, எந்தக் காகிதத்திலும் நம் பேர் கிடையாது. நாலு பேர் பேரையும் வரிசையாக எழுதி, முத்திரை போட்டு, சர்க்காரே கையில் கொடுத்த முதல் காகிதம் அந்தக் கார்டுதான். பிளாஸ்டிக் உறை போட்டு பைபிளுக்குள் வைத்திருந்தார்.

எஸ்தருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன். அவளைப் புதைத்த பிறகும் அவள் பேர் கார்டில் அப்படியே இருந்தது, அவள் பங்கு அரிசி வந்துகொண்டிருந்தது. உன் நைனா அதைத் தனியாக அளந்து எடுத்து வைப்பார். நம் சபைப் பெண்கள் உலையில் போடும் முன்னால் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொண்டுபோவோமே, அந்தப் பானையில் எஸ்தருடைய அரிசி முழுவதையும் கொட்டிவிடுவார். எங்கள் வீட்டுப் பானைதான் சபையிலேயே கனமான பானை. பொல்லாத வாய்கள் சும்மா இருக்குமா? செத்த பிள்ளை பேரில் அரிசி வாங்குகிறான் என்று பேச்சு வந்தது. அவர் கார்டை எடுத்துக்கொண்டு மண்டல ஆபீசுக்குப் போனார், நானும் போனேன். குமாஸ்தா சிவப்பு மையால் அவள் பேர் மேல் ஒரு கோடு போட்டார். போட்டோவில் ரிப்பனோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள், கீழே பேர் மேல் கோடு. திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் நைனா அழுதார் பார், அடக்கம் பண்ணிய அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. "இனிமே இந்தக் கையால ஒரு பேரையும் எடுக்க மாட்டேன்" என்றார்.

சபையில் மட்டும் எடுக்கவில்லை. புத்தாண்டு ஆராதனையில் குடும்பம் குடும்பமாகப் பேர் வாசித்து ஜெபிப்பார்களே, அதில் இன்றைக்கும் நம் வீட்டுக்கு எஸ்தர் பேரும் சேர்த்துத்தான் வாசிக்கிறார்கள். போதகர்கள் மாறினார்கள், அந்தப் பேர் மாறவில்லை. நீ சின்ன வயதில் ஏன் என்று கேட்டபோது, சும்மா இரு, ஜெபத்தில் பேசாதே என்று உன் தொடையில் கிள்ளினேன்.

இப்போது சொல். சச்சிவாலயத்தில் அந்தப் பெண் சின்ன வேலைதான் என்று சொன்னபோது உன் நைனா ஏன் எழுந்து வந்தார் என்று உனக்குப் புரிகிறதா? அவருக்குத் தெரிந்த வரையில் பிள்ளையின் பேரைக் கார்டிலிருந்து எடுப்பது என்றால் எஸ்தருக்குச் செய்தது ஒன்றுதான். அதற்குமேல், நீ அவரைப் பார்க்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். மாதா மாதம் பணம் அனுப்புகிறவன் நீ. வேண்டாம் என்றாலும் அனுப்புகிறவன். அவர் சொல்லாமல் சாவதற்குத் தயாராக இருந்த ஒரு வார்த்தை அது. பிடிவாதம் என்று நீ சொல்வது அதைத்தான்.

நீ உடனே, சரி, நான் என் ஆபீஸ் பாலிசியில் சேர்க்கிறேன் என்றேனே என்பாய். சொன்னாய், நான் மறுக்கவில்லை. சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று நீயே வாய் தவறிச் சொல்லிவிட்டாய். "புள்ள சம்பளத்துல எனக்குப் புடிக்கிறதா? பேரப்புள்ள பொறக்கட்டும், அதுக்குப் புடிக்கட்டும்" என்று முடித்துவிட்டார். நீ அப்போதுதான் வீட்டு லோன் போட்டிருந்தாய். நான் சண்டை போட்டேன். "புள்ள உங்கூடவே இருக்கணும், ஆனா புள்ள துட்டு வேணாம். இது இன்னா நியாயம்? கூழுக்கும் ஆச, மீசைக்கும் ஆசயா?" என்று கத்தினேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நான் என்றைக்கு ஜெயித்தேன்? பெருமையும் பாசமும் ஒரே ஆளுக்குள் இருந்தால் நியாயம் பேச முடியாது கண்ணு.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் நெஞ்சு வலிக்கிறது என்றார். பாகாலா டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே திருப்பதிக்குப் போய் ஆஞ்சியோ எடுத்துப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். வெளியே வந்து, சீசன் முடியட்டும் என்றார் இவர். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். மருமகள் மசக்கையில் கிடக்கிறாள், அவனை அலைக்கழிக்காதே என்றார். நான் சொல்லவில்லை. ஆறு வாரம் உன்னோடு போனில் பேசும்போதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நிற்கும், என்ன சமையல் என்று கேட்டு முடித்துவிடுவேன்.

ஜூஸ் பேக்டரி வாசலில் சீசனில் வண்டி வரிசை எப்படி நிற்கும் என்று நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். ரோட்டோரமாக ஊர்ந்து ஊர்ந்து போகும், ஒரு பகல் முழுவதும் ஆகும். அந்த வரிசையில்தான் அவருக்கு வலி வந்தது. பின்னால் இருந்த டிரைவர்கள், போண்ணா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றிருக்கிறார்கள். "டோக்கன் பூடும்பா, பாவம், அந்த ரைத்து காய் அழுகிடும்" என்று தோப்பு விவசாயிக்காக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். சட்டையெல்லாம் நனைந்து சாய்ந்த பிறகுதான் தூக்கினார்கள். எனக்குப் போன் வந்தது. அவர் எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு போன அதே ரோட்டில் அவரை வேறொருவன் ஏற்றிக்கொண்டு போனான். நான் பாகாலாவில் ஏறிக்கொண்டேன்.

இனி சொல்லப்போவதை நீ பார்க்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தாய். திருப்பதி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே உள்ளே போனார்கள். கூடவே ஓடிவந்த பெண் வழக்கம்போல, "கார்டு உந்தா?" என்று என்னைக் கேட்டாள். படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து அவரே பதில் சொன்னார். "லேதம்மா. மா அப்பாயி டாக்ஸ் கடுதாடு." இல்லை அம்மா, எங்கள் பையன் டாக்ஸ் கட்டுகிறான். அந்த வலியிலும், அந்த வேர்வையிலும், மைசூர்பாகு கொடுத்த அன்றைக்கு இருந்த அதே குரல்! கார்டு இல்லை என்பதற்காக யாரும் வைத்தியத்தை நிறுத்தவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஓடி ஓடிப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் வெளியே வந்து, சில வாரங்களுக்கு முன்னால் கொண்டுவந்திருக்கலாமே அம்மா என்றார்.

நீ வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி நடையில் நின்று, "ஒரு கார்ட ஸ்ப்ளிட் பண்ண முடியலயா உங்களால? ஒரு வார்த்த சொல்ல முடியலயா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாய். சுவரில் கையை ஓங்கி ஓங்கி அடித்தாய், முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது. எல்லோரும் நீ நைனா மேல் கோபப்படுகிறாய் என்றார்கள். பெற்றவளுக்குத் தெரியாதா? உன் கோபம் உன் மேல்தான். நீ வரி கட்டியதால்தான் கார்டு போனது என்று உனக்குத் தோன்றிவிட்டது. அதனால்தான் அடக்கம் முடிந்த மறுநாளே கிளம்பினாய், இதுவரைக்கும் வீட்டுப்படி மிதிக்கவில்லை. அந்தக் குற்றத்தை உன் மேல் வைத்துக்கொள்ள முடியாமல் செத்த மனுஷன் மேல் வைக்கிறாய். கூட்டத்தில் நாலு பேர் முன்னால் வைக்கப் போகிறாய். வேண்டாம்டா ராஜா. நீ வரி கட்டியது அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம். சாகும்போது அவர் வாயில் இருந்தது அதுதான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

கூட்டத்தில் பேசு, பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜனங்களுக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லாதே. காப்பீடு இல்லாத ஒருவரைப் பார்த்தால் ஏன் எடுக்கவில்லை என்று அதட்டாதே. அதை வாங்குகிற வாசலில் அவரை என்ன சொல்லச் சொன்னார்கள், எதை விடச் சொன்னார்கள் என்று கேள். ஒருவனுக்குப் பிள்ளை பீஸ், ஒருவனுக்கு வெட்கம், ஒருவனுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே நோய் வந்துவிடும் என்கிற பயம். உன் நைனாவுக்கு உன் பேர். இதை உன் ஆபீஸ்காரர்கள் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்களோ எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம், இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எனக்குக் கொஞ்ச நாளாக உதிரப்போக்கு நிற்கவில்லை. திருப்பதிக்குப் போய்ப் பார்த்தேன். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்கிறார்கள். பயப்படாதே, நான் மறைக்கவில்லை பார், உடனே எழுதிவிட்டேன். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உன் பாலிசியில் இப்போது சேர்த்தாலும் காத்திருக்கச் சொல்வார்கள் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். லோன் மேல் லோன் நீ போடுவாய், எனக்குத் தெரியும். அது வேண்டாம். நம் பழைய கார்டுக் கணக்கிலிருந்து உன் நைனாவின் பேரை எடுக்கப் போனபோது சச்சிவாலயத்துப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆன்ட்டி, இப்போதாவது ஸ்ப்ளிட் போடுங்கள், உங்களுக்குத் தனிக் கார்டு வந்துவிடும், ஆபரேஷன் அதில் ஆகிவிடும் என்றாள். சரி என்றேன்.

ஆமாம் கண்ணு, சரி என்றேன். நான் உன் நைனா இல்லை. எனக்கு உன் பிள்ளையைத் தூக்க வேண்டும், அதன் தொடையில் கிள்ளி ஜெபத்தில் உட்காரவைக்க வேண்டும். உயிரோடு இருக்க வேண்டும் என்றால் பிள்ளை என்னை விட்டுப் பிரிந்தான் என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், சொல்லிவிட்டு உயிரோடு இருக்கிறேன். அவர் இருந்தால் என்னோடு பேசமாட்டார், பரவாயில்லை. போய்ச் சேர்ந்த பிறகு அங்கே சண்டை போட்டுக்கொள்கிறேன்.

ஆனால் தைரியமாக எழுதுகிறேனே தவிர, நேற்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். அப்பாயி வேறே உன்னாடு, நன்னு சூடட்லேது. தனியாக இருக்கிறான், என்னைப் பார்ப்பதில்லை. பாதியில் நின்றுவிட்டது. என் வாயும் உன் நைனா வாயாகவே ஆகிவிட்டது. அதனால் நீதான் வர வேண்டும். எப்படியும் உன் கைரேகை வேண்டுமாம். அந்தப் பெண் கேட்கும்போது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்கிறேன், நீயே சொல்லிவிடு. சொன்னதும் நீ விரலை வை, பிறகு நான் வைக்கிறேன். யார் பேர் மேலும் கோடு போடமாட்டார்களாம், இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தானாம், விசாரித்துவிட்டேன்.

முடித்துவிட்டு அங்கிருந்தே பஸ் ஏறிவிடாதே. உனக்குப் பிடித்த மொச்சைக்கொட்டை கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பேன். எப்போதும் போல உலையில் உனக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுவேன். பிரிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து துன்னுட்டுப் போடா.

உன் அம்மா